ஏக்கர் கணக்கில் அலைக்கற்றை

திருப்பூரிலிருந்து கப்பலேறும் பனியன்கள் பலவற்றின் விலை அட்டைக்குள் இன்று மெல்லிய உலோகக் கோடு ஒன்று ஒளிந்திருக்கிறது. அது ஆன்டெனா. அதன் நடுவே கடுகைவிடச் சிறிய ஒரு சிப். பேட்டரி கிடையாது. பேக்கிங் பிரிவில் ரீடர் கருவியைப் பெட்டிக்கு நேரே காட்டினால், அது வீசும் ரேடியோ அலையிலிருந்தே ஆற்றலை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பீஸும் தன் எண்ணைச் சொல்லிவிடும். பெட்டியைப் பிரிக்க வேண்டாம். சைஸ் வாரியாக, கலர் வாரியாகக் கணக்கு வந்துவிடும். டெகாத்லான், ஜாரா போன்ற பெரிய பிராண்டுகள் இந்த ஆர்எஃப்ஐடி முறையைத் தங்கள் வழக்கமாகவே ஆக்கிக்கொண்டுவிட்டன.

இதற்காக எந்தப் பனியன் கம்பெனியும் அலைக்கற்றை ஏலத்துக்குப் போகவில்லை. 2005இல் மத்திய அரசு 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டையை உரிமம் இல்லாமலே பயன்படுத்தலாம் என்று அறிவித்தது. ஐரோப்பாவும் ஏறக்குறைய அதே பட்டையை இதே வேலைக்கு ஒதுக்கியிருந்ததால் அங்கே படிக்கும் அட்டையை இங்கேயும் படிக்க முடிந்தது. 2021இல் எல்லை 868 வரை நீண்டது. ஆரம்பத்தில் கிடைத்தது வெறும் 2 மெகாஹெர்ட்ஸ். எவ்வளவு சிறிய பட்டையானாலும், அதை யார் எந்த நிபந்தனையில் தொடலாம் என்று வகுக்கும் விதி சரியாக அமைந்தால் ஒரு தொழில் முழுவதும் அதில் பயன்பெறும் என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல சான்று தெரியாது.

5ஜி, அதற்குப் பின் வரப்போகும் 6ஜி ஆகியவற்றுக்கான அலைக்கற்றையை யாருக்கு, எந்த அளவில், எந்த விலைக்குக் கொடுப்பது என்ற வாதம் டெல்லியில் பல ஆண்டுகளாக நடந்துகொண்டிருக்கிறது. மொபைல் நிறுவனங்கள் ஒரு பக்கம், பெரிய தொழில் குழுமங்கள் மறுபக்கம். 2024-25இல் ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய்க்கு ஏற்றுமதி செய்த திருப்பூரின் குரலை அந்த வாதத்தில் அநேகமாகக் கேட்கவே முடிவதில்லை.

தபால் ஆபீசில் லைசென்ஸ் கட்டிய காலம்

வானொலிப் பெட்டிக்குத் தபால் ஆபீசில் லைசென்ஸ் கட்டிய நினைவு நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இருக்கும். அந்தப் பழக்கத்தின் வேர் 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டமும் 1933ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டமும். அலை அரசுக்குச் சொந்தம், கேட்கவும் பேசவும் அனுமதி வேண்டும் என்பது அன்றைய எண்ணம். 1995இல் கிரிக்கெட் ஒளிபரப்பு வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் அதைத் திருத்தியது. வான் அலைகள் மக்களின் பொதுச் சொத்து. அதை மக்கள் நன்மைக்காக ஒழுங்குபடுத்துவது அரசின் பொறுப்பு என்றது தீர்ப்பு.

அடுத்த அத்தியாயம் தமிழர்களுக்கு நன்றாகவே தெரியும். 2008இல் 2ஜி உரிமங்கள் முதலில் வந்தவருக்கு முதலில் என்ற முறையில் வழங்கப்பட்டன. 2010இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை 1.76 லட்சம் கோடி ரூபாய் உத்தேச இழப்பு என்றது. 2012 பிப்ரவரி 2 அன்று உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை ரத்து செய்தது. 2017 டிசம்பரில் சிறப்பு நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட அனைவரையும் விடுவித்தது. அரசியல் வாதம் எப்படிப் போனாலும், நிர்வாகத்தில் ஒரு பயம் மட்டும் நிலைத்துவிட்டது: ஏலம் இல்லாமல் ஒரு மெகாஹெர்ட்ஸ் கொடுத்தாலும் நாளை விசாரணை வரும். அதே 2012 செப்டம்பரில், குடியரசுத் தலைவர் கேட்ட விளக்கத்துக்குப் பதிலளித்த உச்ச நீதிமன்றம், எல்லா இயற்கை வளங்களுக்கும் ஏலம் ஒன்றே அரசியல் சட்டப்படியான வழி என்று சொல்ல முடியாது எனத் தெளிவுபடுத்தியது. இந்த இரண்டாவது தீர்ப்பு பொது நினைவில் தங்கவில்லை. தங்கியிருந்தால் இன்றைய வாதத்தில் பாதி தேவைப்பட்டிருக்காது.

ஏலத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. கொங்குப் பகுதியில் செல்போன் பரவிய காலத்தில் ஏர்செல் எண் இல்லாத பனியன் கம்பெனி அரிது. 2018 பிப்ரவரியில் அந்த நிறுவனம் திவால் மனு போட்டபோது, பல நாட்கள் சிக்னல் இல்லாமல் மக்கள் கடை வாசல்களில் காத்து நின்றார்கள். ஆர்டர் எடுத்த எண், வங்கிக்குக் கொடுத்த எண், ஜாப்வொர்க்காரருக்குத் தெரிந்த எண் எல்லாம் ஒரே வாரத்தில் ஊமையாயின. கடனும் அலைக்கற்றைச் செலவும் விலைப்போட்டியும் சேர்ந்து சந்தையில் தனியார் நிறுவனங்களை மூன்றாகச் சுருக்கின. ஏலத்தில் எடுத்த விலையைக் கடைசியில் சுமப்பவர் சந்தாதாரர்தான்.

2022 ஜூலை 26 தொடங்கி ஆகஸ்ட் 1 வரை நடந்த 5ஜி ஏலத்தில் 72,098 மெகாஹெர்ட்ஸ் முன்வைக்கப்பட்டு 51,236 விற்றது. அரசுக்குக் கிடைத்த விலை 1,50,173 கோடி ரூபாய். அக்டோபர் 1 அன்று சேவை தொடங்கியது. 2024 ஜூனில் மறுபடி ஏலம். 10,500 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் வைத்து விற்றது 141.4 மெகாஹெர்ட்ஸ் மட்டும். வருமானம் ஏறத்தாழ 11,340 கோடி. 5ஜியின் முதுகெலும்பான 3,300 மெகாஹெர்ட்ஸ் பட்டையிலும், மிகுந்த வேகம் தரும் 26 கிகாஹெர்ட்ஸ் பட்டையிலும் மீதியிருந்ததைக் கேட்க அந்த முறை ஆளில்லை.

மணலை இன்று அள்ளாவிட்டால் நாளை அள்ளலாம். நிலக்கரி பூமியில் பத்திரமாக இருக்கும். அலைக்கற்றை அப்படிப்பட்ட சொத்து அல்ல. அது ஓடாத மெஷினின் ஷிப்டு மாதிரி. நேற்று இரவு ஷிப்டு ஓடாமல் போனால், அந்த எட்டு மணி நேர உற்பத்தியை எந்தக் காசு கொடுத்தும் இன்று திரும்ப வாங்க முடியாது. விற்காத பட்டையைக் கஜானாவில் இருக்கும் பணமாகக் கணக்கிடுவது தவறு என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

வட்டமும் ஷெட்டும்

நம் ஏல முறை நாட்டை 22 வட்டங்களாகப் பிரிக்கிறது. சென்னை உட்பட தமிழ்நாடு முழுவதும் ஒரே வட்டம். உரிமை 20 ஆண்டுகளுக்கு. கன்னியாகுமரி முதல் கும்மிடிப்பூண்டி வரை கோபுரம் நட்டு கோடிக்கணக்கான பேருக்குச் சேவை தருகிறவருக்கு இந்த அளவு சரி. திருப்பூரின் பெருமாநல்லூர் சாலையிலோ காங்கேயம் சாலையிலோ நாலு ஏக்கரில் கட்டிங், பவர்டேபிள், செக்கிங், அயர்ன், பேக்கிங் என்று ஒரே கூரைக்குள் நடத்தும் கம்பெனிக்கு வேண்டியது அந்த நாலு சுவருக்குள் மட்டும். அதைக் குறைந்த திறனில் ஓட்டினால் பக்கத்துச் சந்துக்கே எட்டாது.

அந்த நாலு சுவருக்குள் என்ன தேவை? பெரிய கம்பெனிகளில் இப்போது ஒவ்வொரு மெஷினிலும் ஒரு சிறு திரை வந்திருக்கிறது. எந்த பண்டில் எந்த டெய்லரிடம், எந்த இடத்தில் தேங்கியிருக்கிறது, ஆல்டர் எவ்வளவு என்பதெல்லாம் நிமிடத்துக்கு நிமிடம் தெரியும். நிட்டிங்கில் துணி ஓடும்போதே ஓட்டையையும் ஊசிக் கோட்டையும் கேமரா பார்த்துப் பிடிக்கிறது. டையிங்கில் வெப்பம், நீர், உப்பு என அளவுமானிகள். இவை அனைத்தும் இன்று பெரும்பாலும் வைஃபையில் ஓடுகின்றன. 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத சேனல்கள் மூன்றுதான். அக்கம்பக்கத்துக் கம்பெனி, எதிர்வீடு, தெருமுனை பேக்கரி எல்லாம் அதே மூன்றில். வைஃபை கருவி பேசும் முன் காற்றில் காது வைத்துப் பார்க்கும். யாராவது பேசினால் காத்திருக்கும். ஐம்பது திரைகள் இருக்கும்போது அந்தக் காத்திருப்பு பெரிதாகத் தெரியாது. ஐந்நூறு வந்தால் லைன் நிற்கும். 5ஜி முறையில் நடுவிலுள்ள நிலையம் ஒவ்வொரு கருவிக்கும் நேரம் பிரித்துக் கொடுக்கிறது. வெளியே இருக்கும் மொபைல் கோபுரத்தின் அலையோ தகரக் கூரையில் பட்டுத் திரும்பிவிடும். ஷெட்டுக்குள் போன் பேச ஜன்னல் பக்கம் போகிறவர்கள் இதை அனுபவத்தில் அறிவார்கள்.

எல்லாக் கம்பெனிக்கும் 5ஜி வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இருபது மெஷின் வைத்து ஜாப்வொர்க் செய்கிறவருக்கு நல்ல கேபிளும் ஒழுங்கான வைஃபையும் போதும். 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் 605 மெகாஹெர்ட்ஸை 2018இல் அரசு உரிமத்திலிருந்து விடுவித்தது அவருக்குச் செய்த பெரிய உதவி. 6 கிகாஹெர்ட்ஸின் கீழ்ப்பாதியில், அதாவது 5,925 முதல் 6,425 வரை, கட்டடத்துக்குள் குறைந்த திறனில் உரிமமின்றிப் பயன்படுத்த 2025 மே மாதம் வரைவு விதிகள் வெளியாயின. அமெரிக்கா 2020லேயே 6 கிகாஹெர்ட்ஸ் பட்டை முழுவதையும், 1,200 மெகாஹெர்ட்ஸை, திறந்துவிட்டது. மேல்பாதி தங்களுக்கே வேண்டும் என்கின்றன நம் மொபைல் நிறுவனங்கள். கோடிக்கணக்கான பேர் நம்பியிருக்கும் பொது வலைக்கு இடம் வேண்டும் என்பது நியாயமான வாதம்தான்.

நூறு கோடிக் கதவு

சொந்த வளாகத்துக்கு மட்டுமான 5ஜி வலைக்கு நம் நாட்டில் விதியே இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். 2022 ஏப்ரலில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் இத்தகைய தனிப்பயன் வலைகளுக்காக 3,700–3,800, 4,800–4,990 மெகாஹெர்ட்ஸ் போன்ற பட்டைகளில் இடம் ஒதுக்கலாம் என்று பரிந்துரைத்தது. ஜூனில் தொலைத்தொடர்புத் துறை வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. நான்கு வழிகள்: மொபைல் நிறுவனம் தன் பொது வலையிலிருந்தே ஒரு துண்டைப் பிரித்துத் தரலாம், உங்கள் வளாகத்தில் தனி வலையே அமைத்துத் தரலாம், அந்த நிறுவனத்திடமிருந்து அலைக்கற்றையை நீங்கள் குத்தகைக்கு எடுக்கலாம், அல்லது அரசிடமிருந்து நேரடியாகப் பெறலாம். விண்ணப்பக் கட்டணம் 50,000 ரூபாய். நுழைவுக் கட்டணமும் உரிமக் கட்டணமும் கிடையாது. காகிதத்தில் இது தாராளமான ஏற்பாடு.

நான்காவது வழிதான் முட்டி நிற்கிறது. யாருக்கு எவ்வளவு தேவை என்று அறிய 2022 ஆகஸ்டில் துறை ஒரு தேவை ஆய்வை அறிவித்தது. நேரடி அலைக்கற்றை விரும்பி அதில் பங்குபெற, நிகர மதிப்பு 100 கோடி ரூபாய்க்கு மேல் இருக்க வேண்டும் என்றது நிபந்தனை. துறைமுகம், சுரங்கம், கார் ஆலை ஆகியவற்றை மனத்தில் வைத்து எழுதிய வரி அது. திருப்பூரின் பெரும்பான்மைக் கம்பெனிகள் அந்த வாசலைத் தாண்ட முடியாது. ஆயிரக்கணக்கான சிறு அலகுகளாகப் பிரிந்து, நூலிலிருந்து பெட்டிவரை கைமாறிக் கைமாறி வேலை செய்யும் ஊரின் தேவை ஆய்வுக்குள்ளேயே வரவில்லை. ஆய்வில் வராத தேவைக்குக் கொள்கையில் இடம் கிடைக்குமா?

நேரடி ஒதுக்கீட்டை மொபைல் நிறுவனங்கள் கடுமையாக எதிர்த்தன. நாங்கள் கோடிகளைக் கொட்டி ஏலத்தில் எடுக்கிறோம். வேறொருவருக்கு அதே சரக்கை நிர்வாக முறையில் கொடுத்தால் சமநிலை எங்கே, தொழிற்சாலைகளிடமிருந்து வரவேண்டிய வருமானம் எங்கே என்று கேட்டன. பிறகு 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் வந்தது. ஏலம் இல்லாமல் அலைக்கற்றை தரக்கூடிய பணிகளை அதன் முதல் அட்டவணை பட்டியலிடுகிறது: பாதுகாப்பு, பேரிடர், வானிலை, செயற்கைக்கோள் சேவைகள் என்று நீளும் அந்தப் பட்டியலில் தொழிற்சாலையின் தனிப்பயன் வலை இல்லை. ஆனால் பொது நலனுக்காகவும், தொழில்நுட்ப அல்லது பொருளாதாரக் காரணத்தால் ஏலம் பொருந்தாத இடங்களிலும் அட்டவணையைத் திருத்திக்கொள்ள அச்சட்டத்தின் 4ஆம் பிரிவு மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. நியாயமான காரணமின்றிப் பயன்படாமல் கிடக்கும் அலைக்கற்றையைத் திரும்பப் பெற 7ஆம் பிரிவு வழிவகுக்கிறது. கருவிகள் சட்டத்திலேயே இருக்கின்றன. எடுத்துப் பயன்படுத்தும் துணிவுதான் குறை.

ஏலத்தின் வழியாகவே தனிப்பயன் வலைக்குப் போக முயன்றவர் என்ன ஆனார்? 2022 ஏலத்தில் அதானி டேட்டா நெட்வொர்க்ஸ் 212 கோடி ரூபாய்க்கு 26 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் 400 மெகாஹெர்ட்ஸ் எடுத்தது. அதில் 50 தமிழ்நாட்டு வட்டத்துக்கு. தன் துறைமுகங்கள், விமான நிலையங்கள் முதலியவற்றுக்கான வலை என்று அறிவித்தது. 2025 ஏப்ரலில் அந்த 400 மெகாஹெர்ட்ஸையும் ஏர்டெல் குழுமத்துக்கு மாற்ற ஒப்பந்தம் கையெழுத்தானது. நாட்டின் மிகப்பெரிய குழுமங்களில் ஒன்றுக்கே வட்ட அளவு ஒத்துவரவில்லை என்றால், திருப்பூர் அங்கேரிப்பாளையத்துக் கம்பெனிக்கு எப்படி ஒத்துவரும்?

ஜெர்மனியின் வாய்ப்பாடு

ஜெர்மனி 2019இல் வேறு பாதையில் போனது. 3,700 முதல் 3,800 வரையிலான 100 மெகாஹெர்ட்ஸை ஏலத்திலிருந்து விலக்கி உள்ளூர் வலைகளுக்கு ஒதுக்கியது. நிலமோ கட்டடமோ வைத்திருப்பவர் அந்த எல்லைக்கு மட்டும் விண்ணப்பிக்கலாம். கட்டணத்துக்கு ஒரு வாய்ப்பாடு. அடிப்படை 1,000 யூரோ. அதோடு மெகாஹெர்ட்ஸ், ஆண்டு, பரப்பு மூன்றையும் பெருக்கி, 5ஆல் பெருக்க வேண்டும். குடியிருப்பு அல்லது போக்குவரத்துப் பகுதியானால் பரப்பை 6 மடங்காக எடுக்க வேண்டும்.

இதைத் திருப்பூருக்குப் போட்டுப் பார்ப்போம். 5 ஏக்கர் வளாகம் என்றால் ஏறத்தாழ 0.02 சதுர கிலோமீட்டர். 100 மெகாஹெர்ட்ஸ் முழுவதும், 10 ஆண்டுக்கு, ஊருக்குள் என்றே வைத்துக்கொள்ளலாம். 1,000 யூரோவோடு இன்னும் 600. மொத்தம் 1,600 யூரோ. நம் பணத்தில் ஒன்றரை லட்சம் ரூபாய்க்குச் சற்று மேல், அதுவும் பத்தாண்டுக்கும் சேர்த்து. ஒரு நல்ல பேட்லாக் மெஷின் வாங்கும் கம்பெனி இதை யோசிக்காமல் கட்டிவிடும்.

பிரிட்டன் அதே ஆண்டில் 3.8–4.2 கிகாஹெர்ட்ஸைப் பகிர்ந்து கொடுக்கத் தொடங்கியது. 50 மீட்டர் ஆரத்துக்குக் குறைந்த திறன் உரிமம், 10 மெகாஹெர்ட்ஸுக்கு ஆண்டுக்கு 80 பவுண்டு. ஜப்பானிலும் 2019 முடிவில் உள்ளூர் 5ஜி வந்தது. அமெரிக்காவில் கடற்படை ரேடார் இயங்கும் 3.5 கிகாஹெர்ட்ஸ் பட்டையையே மூன்று அடுக்காகப் பகிர்கிறார்கள்: ரேடார் வந்தால் கணினி அமைப்பு மற்றவர்களை விலக்கிவிடும்.

இந்தியாவில் 3.7 கிகாஹெர்ட்ஸுக்கு மேலே செயற்கைக்கோள் தொலைக்காட்சி இறங்குகிறது. கேபிள் ஆபரேட்டரின் பெரிய தட்டுகள் அதைத்தான் வாங்குகின்றன. அருகில் 5ஜி வந்தால் படம் குலையக்கூடும் என்பது உண்மையான சிக்கல். தட்டு இருக்கும் இடங்களைப் பதிவு செய்து, இடைவெளி வகுத்து, ஷெட்டுக்குள் மட்டும் என்று திறனைக் கட்டுப்படுத்தினால் இது தீரும். அலைக்கற்றை மலிவானாலும் கருவிகளும் அவற்றைப் பராமரிக்கத் தெரிந்த ஆட்களும் மலிவல்ல என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு கம்பெனி தனியே தாங்குவது கடினம்.

சேர்ந்து செய்த ஊர்

தனியே தாங்க முடியாத ஒன்றைச் சேர்ந்து தாங்கிய அனுபவம் திருப்பூருக்கு உண்டு. நொய்யல் ஆற்றில் சாயம் ஓடியது. ஒரத்துப்பாளையம் அணையில் விவசாயிகளின் நீர் கெட்டது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்னது. அந்தக் காயத்தை லேசாகச் சொல்லிக் கடக்கக் கூடாது. ஆற்றோரத்து உழவர்கள் இழந்தது திரும்பவில்லை. ஆனால் அதிலிருந்து எழுந்த ஏற்பாடு பாடமாக நிற்கிறது. ஒவ்வொரு சாயப்பட்டறையும் தனித்தனியே சுத்திகரிப்பு நிலையம் கட்ட முடியாது. பலர் பங்குதாரராகச் சேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையம் நடத்தலாம். அப்படி 18 நிலையங்கள் இங்கே அமைந்தன. கழிவுநீரை வெளியே விடாத முறைக்கு ஊர் மாறியது.

அலைக்கற்றைக்கும் அதே வடிவம் பொருந்தும். நேதாஜி ஆயத்த ஆடைப் பூங்கா போன்ற வளாகத்துக்கோ, ஒரு தொழிற்பேட்டைக்கோ, ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் உறுப்பு ஆலைகளுக்கோ ஒரே உள்ளூர் உரிமம். உரிமம் பெறுவது சங்கமோ பங்குதாரர் நிறுவனமோ. நிகர மதிப்பை உறுப்பினர் அனைவருக்கும் சேர்த்துக் கணக்கிடட்டும். அல்லது குறைந்த திறன் உரிமத்துக்கு அந்த நிபந்தனையே வேண்டாம். வலையை நிறுவி நடத்த விரும்பினால் மொபைல் நிறுவனங்களே ஒப்பந்தம் எடுக்கட்டும். அவர்கள் அஞ்சும் வருமானம் அப்படியும் வரும். சென்னை ஐஐடி தலைமையில் எட்டு நிறுவனங்கள் சேர்ந்து 220 கோடி ரூபாயில் உருவாக்கிய 5ஜி சோதனைக் களம் 2022 மே முதல் இயங்குகிறது. தகரக் கூரையும் நூற்றுக்கணக்கான மெஷின்களும் உள்ள ஒரு ஷெட்டுக்குள் அலை எப்படி நடக்கிறது என்று அளந்து சொல்லும் திறமைக்கு நாம் வெளிநாடு போக வேண்டியதில்லை.

ஒன்றைச் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒவ்வொரு பீஸையும் எண்ணும் வலை, ஒவ்வொரு கையையும் எண்ணும். பீஸ் ரேட்டில் தைப்பவருக்கு அந்தக் கணக்கு சம்பளத்தை நியாயமாக்கலாம். கழிவறைக்குப் போன நிமிடங்களைக் கழிக்கவும் உதவலாம். தன்னைப் பற்றிய கணக்கைத் தொழிலாளி தன் மொழியில், தமிழோ ஒடியாவோ இந்தியோ, பார்க்கும் உரிமையை உரிம நிபந்தனையிலேயே எழுத வேண்டும். அலை பொதுச் சொத்து என்றால், அதைக் குத்தகைக்கு எடுப்பவர் மீது பொது நிபந்தனை வைப்பது அரசின் உரிமை. இரவு ஒன்பது மணிக்கு மேல் விடுதி மொட்டை மாடிகளில் ஊருக்கு வீடியோ கால் போட்டு நிற்கும் இளைஞர்களும் இந்த அலைக்கற்றைக் கொள்கையின் பயனாளிகளே. அவர்களுக்கு வேண்டிய பொது வலையின் பங்கைத் தனிப்பயன் வலை விழுங்கக் கூடாது. யாரும் கேட்காமல் கிடக்கும் பட்டையிலிருந்து கொடுங்கள் என்று நான் கேட்பதன் காரணம் அதுவும்தான்.

காலமும் அதிகமில்லை. 2027இல் ஷாங்காயில் உலக வானொலித் தொடர்பு மாநாடு கூடுகிறது. 4.4–4.8, 7.125–8.4, 14.8–15.35 கிகாஹெர்ட்ஸ் பட்டைகளில் எதை அடுத்த தலைமுறை மொபைலுக்குக் கொடுப்பது என்று அங்கே முடிவெடுக்கப் போகிறார்கள். நாடுகள் தங்கள் நிலைப்பாட்டை அதற்கு முன்பே வகுத்துவிடும். 6ஜிக்கான பட்டைகளையும் முழுவதாக வட்ட ஏலத்துக்கு எழுதிவிட்டால், ஷெட் அளவு உரிமம் இன்னொரு இருபது ஆண்டு தள்ளிப்போகும்.

மத்திய அரசு முதல் அட்டவணையில் குறைந்த திறன் உள்ளூர் வலையைச் சேர்க்க வேண்டும். நூறு கோடி நிபந்தனையைத் தொழிற்கொத்துகளுக்கு நீக்க வேண்டும். கட்டணத்தை ஏக்கருக்கும் ஆண்டுக்கும் வகுக்க வேண்டும். திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கமும் மற்றத் தொழில் சங்கங்களும் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். எத்தனை ஷெட், எத்தனை ஏக்கர், எத்தனை கருவி, எந்த வேலைக்கு என்று உறுப்பினர்களிடம் இப்போதே கணக்கெடுத்து, டிராய்க்கும் தொலைத்தொடர்புத் துறைக்கும் ஒரே மனுவாக அனுப்புங்கள்.